பெல்லட்டனின் ஆட்டோமேட்டிக்: ஐ.டபிள்யூ.சி. 85 வரிசை மெஷின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்க நினைப்பவர்கள் ரோலெக்ஸ், ஒமேகா என்று தேட ஆரம்பித்து, எங்கோ ஓரிடத்தில் ஐ.டபிள்யூ.சி. (இன்டர்நேஷனல் வாட்ச் கம்பெனி) என்ற ஸ்விஸ் கம்பெனியின் பெயரில் வந்து நிற்பார்கள். டயலைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. வெள்ளி நிறத் தட்டு, மெல்லிய குச்சி முள்கள், அவ்வளவுதான். விஷயம் பின்மூடிக்குள் இருக்கிறது. 1950 முதல் 1970கள் வரை அந்த கம்பெனி தன் ஆட்டோமேட்டிக் வாட்ச்களுக்குள் வைத்த, ஆல்பர்ட் பெல்லட்டன் வடிவமைத்த 85 வரிசை மெஷின்களைப் பற்றி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேலிபர் என்ற சொல் அடிக்கடி வரும். ஒரு மெஷினின் வடிவமைப்புக்கு கம்பெனி வைத்த எண் அது.

ஆட்டோமேட்டிக் என்றால் பேட்டரியா?

இல்லை. உள்ளே இருப்பது சாவி கொடுக்கிற வாட்ச்சில் உள்ள அதே மெயின் ஸ்பிரிங்தான். சாவியை நீங்கள் திருகுவதற்குப் பதிலாக, பின்பக்கம் தொங்கும் அரைவட்ட எடையான ரோட்டர் உங்கள் கை அசையும்போதெல்லாம் சுற்றி, அந்த ஸ்பிரிங்கை இறுக்குகிறது. கழற்றி வைத்தால் 40 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி நிற்கும்.

அப்படியானால் சாவியே கொடுக்க வேண்டாமா?

நின்றுபோன வாட்ச்சைக் கட்டும் முன் ஒரு பத்துப் பதினைந்து சுற்று கொடுத்துவிட்டுக் கட்டுவது நல்லது. சிலர் கையில் பிடித்து மாங்காய் மரத்தை உலுக்குகிற மாதிரி உலுக்குவார்கள். அறுபது வயதான ரோட்டரின் அச்சுக்கு அது தேவையில்லாத வேலை. பதினைந்து சுற்றில் ஓட ஆரம்பித்த பிறகு மீதியைக் கை பார்த்துக்கொள்ளும்.

இந்த யோசனை முதலில் யாருடையது?

இதில் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் லு லோக்ல் ஊரைச் சேர்ந்த அப்ரஹாம்-லூயி பெர்லே 1777இல் தானாக இறுகும் பாக்கெட் வாட்ச் ஒன்றைச் செய்தார். கால் மணி நேரம் நடந்தால் எட்டு நாள் ஓடும் என்று ஜெனீவாவின் கலைச் சங்கத்து அறிக்கை சொன்னது. அடுத்த ஆண்டே லியேஜ் நகரத்து ஹியூபர்ட் சார்டன், நடுவில் சுற்றும் ரோட்டர் கொண்ட ஒரு வாட்ச்சைப் பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு அனுப்பினார். இன்றைய ரோட்டருக்கு உண்மையான தகப்பன் யார் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. எப்படியும் பாக்கெட்டில் நேராகத் தொங்கும் வாட்ச் அதிகம் ஆடாது. அதனால் யோசனை நூற்றைம்பது ஆண்டு தூங்கியது.

கைக்கடிகாரம் வந்ததும் கதை மாறியது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயருக்கு வேறொரு எரிச்சல் இருந்தது. சாவி நுழையும் ஓட்டை வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போகின்றன; அந்த ஓட்டையையே அடைத்துவிட்டால் என்ன? சாவி இல்லாவிட்டால் வாட்ச் தானாக இறுக வேண்டுமே! அப்படித்தான் 1924இல் அவர் ஸ்விஸ் காப்புரிமை வாங்கிய ஆட்டோமேட்டிக் பிறந்தது. அதில் நேரம் மாற்ற, கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்ப வேண்டும். எடை முழு வட்டம் சுற்றாது. இரு பக்கமும் ஸ்பிரிங்கில் மோதித் திரும்பும். 1931இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, ஹார்வுட்டின் தொழில் மூழ்கியது. அதே ஆண்டு ரோலெக்ஸ் முழு வட்டம் சுற்றும் ரோட்டரைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஒரு திசையில் சுற்றும்போது மட்டுமே ஸ்பிரிங்கை இறுக்கும். எதிர்த்திசைச் சுற்றெல்லாம் சும்மா. ஒமேகா 1943இல் கூட மோதித் திரும்பும் முறையையே பிடித்துக்கொண்டிருந்தது.

பெல்லட்டன் உள்ளே நுழையும்போது நிலைமை இதுதான்: கை இரு பக்கமும் ஆடுகிறது, மெஷின்களில் பலவும் பாதியை வீணடிக்கின்றன.

ஐ.டபிள்யூ.சி. எப்படிப்பட்ட கம்பெனி? ஜெனீவாவா?

இல்லை, அதுவே இதில் சுவையான பகுதி. ஸ்விஸ் வாட்ச் தொழில் என்றால் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதி, ஜூரா மலை, ஜெனீவா. ஐ.டபிள்யூ.சி. இருப்பது ஜெர்மன் பேசும் வடகிழக்கில், ரைன் நதிக்கரையில் உள்ள ஷாஃப்ஹவுசென் நகரில். ஆரம்பித்தவரும் ஸ்விஸ்காரர் அல்ல. பாஸ்டனிலிருந்து வந்த ஃப்ளோரன்டைன் அரியோஸ்டோ ஜோன்ஸ். 1868இல் வந்தார். அமெரிக்காவின் தொழிற்சாலை முறையையும் ஸ்விஸ் கைத்திறனையும் சேர்த்து வாட்ச் செய்வது திட்டம். ஷாஃப்ஹவுசெனில் ஹைன்ரிக் மோசர் ரைன் நதியில் அணை கட்டி, ஆலைகளுக்கு நீர்விசை கொடுத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓட்ட அது போதும். ஜோன்ஸின் கணக்கு சரிப்படவில்லை, சில ஆண்டுகளில் திரும்பிப் போய்விட்டார். 1880இல் உள்ளூர்த் தொழிலதிபர் ரவுஷன்பாக் குடும்பம் கம்பெனியை வாங்கியது. அந்தக் குடும்பத்துப் பெண் எம்மாவை 1903இல் மணந்தவர் உளவியலாளர் கார்ல் யுங். மாமனார் இறந்த பிறகு யுங்கும் சில காலம் இந்த வாட்ச் கம்பெனியின் பங்குதாரர் ஆனார். கனவுகளை ஆராய்ந்தவருக்குக் காலக் கணக்கிலிருந்தும் வருமானம் வந்திருக்கிறது.

அமெரிக்க வேர், ஜெர்மன் சுற்றுப்புறம் இரண்டும் சேர்ந்ததாலோ என்னவோ, இந்த கம்பெனிக்கு அலங்காரத்தை விடப் பொறியியல் மேல் ஈடுபாடு. 85 வரிசையைப் பார்த்தால் அது நன்றாகத் தெரியும்.

ஆல்பர்ட் பெல்லட்டன் யார்?

1944இல் ஐ.டபிள்யூ.சி.யின் தொழில்நுட்ப இயக்குநராக வந்தவர். வந்த ஆண்டு சாதாரண ஆண்டு அல்ல. ஸ்விட்சர்லாந்து போரில் நடுநிலை நாடு. ஆனாலும் 1944 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க விமானங்கள் தவறுதலாக ஷாஃப்ஹவுசென் மீது குண்டு போட்டன. நாற்பது பேர் இறந்தார்கள். ஐ.டபிள்யூ.சி. தொழிற்சாலைக்குள் விழுந்த குண்டு வெடிக்கவில்லை.

1946இல் பெல்லட்டன் இரண்டு முக்கிய வேலைகள் செய்தார். ஒன்று, கேலிபர் 89. சாவி கொடுக்கிற மெஷின். நடு முள்ளாக விநாடி காட்டும். பிரிட்டிஷ் விமானப்படையின் மார்க் 11 வாட்ச்சுக்குள் போனது அதுதான். இரண்டாவது, ஆட்டோமேட்டிக் இறுக்கும் முறைக்கான காப்புரிமை. அதை வைத்து 1950இல் கேலிபர் 85 வெளிவந்தது.

அந்த முறையில் அப்படி என்ன விசேஷம்?

பின்மூடியைக் கழற்றி, ரோட்டரை விரல் நுனியால் மெதுவாக நகர்த்திப் பார்த்தால் புரியும். நல்ல வெளிச்சமும் கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியான லூப்பும் வேண்டும்.

ரோட்டரின் அச்சோடு, இதய வடிவில் ஒரு சிறு தகடு சேர்ந்து சுற்றுகிறது. அதன் இரு பக்கமும் இரண்டு குட்டி மாணிக்க உருளைகள் ஒட்டி நிற்கின்றன. அந்த உருளைகள் ஒரு ஆடும் சட்டத்தில் பொருத்தப்பட்டவை. இதயத் தகடு சுற்றும்போது, சட்டத்தை ஒரு பக்கம் தள்ளும், அப்புறம் மறுபக்கம் தள்ளும். ரோட்டர் வலமாகச் சுற்றினாலும் இடமாகச் சுற்றினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான்: இப்படியும் அப்படியும் ஆடுவது மட்டுமே அதன் வேலை.

அந்தச் சட்டத்திலிருந்து இரண்டு கொக்கிகள் நீண்டு, ரம்பப் பல் போன்ற மிக நுண்ணிய பற்களைக் கொண்ட ஒரு சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் ஆடும்போது ஒரு கொக்கி சக்கரத்தை இழுக்கும். மற்றது பற்களின் மேல் வழுக்கிப் போய் அடுத்த பிடிக்குத் தயாராகும். சட்டம் திரும்பும்போது வேலை கைமாறும். கிணற்றில் வாளிக் கயிற்றை ஒரு கை இழுக்க, மற்றக் கை மேலே போய்ப் பிடிக்கிறதே, அதேதான். கயிறு ஒரு கணமும் நழுவாது. சக்கரம் எப்போதும் ஒரே திசையில்தான் நகரும். அங்கிருந்து சில பற்சக்கரங்கள் வழியாக வேகம் குறைந்து, விசை கூடி, மெயின் ஸ்பிரிங்குக்குப் போய்ச் சேரும்.

விரலால் ரோட்டரை நகர்த்தும்போது கேட்க வேண்டியது அந்தச் சத்தம். மிக மெல்லிய, நெருக்கமான கிர்ர் ஒலி. பற்கள் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சின்ன அசைவும் வீணாகாமல் பிடிபடும்.

தகடு ஏன் இதய வடிவம்? மையம் விலகிய சாதாரண வட்டத் தகடு போதாதா?

போதும், ஆனால் அது இரு கோடியிலும் மந்தமாகும். வட்டத் தகடு சுற்றும்போது சட்டத்தின் ஆட்டம் நடுவில் வேகமாகவும், திரும்பும் இடங்களில் கிட்டத்தட்ட அசையாமலும் இருக்கும். அந்த இடத்தில் ரோட்டர் சிறிது ஆடினால் பலன் இல்லை. இதய வடிவம் அந்த மந்தத்தைக் குறைத்து, ரோட்டர் எந்த நிலையில் இருந்தாலும் ஏறத்தாழ சமமான நகர்வைக் கொடுக்கிறது. எழுதும்போது, தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது வருகிற சின்னச் சின்ன ஆட்டம்தான் நம் கையின் பெரும்பாலான ஆட்டம். பெல்லட்டன் மனத்தில் வைத்திருந்தது அந்த ஆட்டத்தை. எனக்கு இந்த மெஷினில் பிடித்த ஒற்றை விஷயத்தைக் கேட்டால் இதையே சொல்வேன்.

மற்ற கம்பெனிகளும் இரு திசையில் இறுக்கத்தானே செய்தன?

செய்தன. ஃபெல்சா என்ற ஸ்விஸ் மெஷின் கம்பெனி 1942லேயே பைடினேட்டர் என்ற பெயரில் செய்துவிட்டது. 1950களில் ரோலெக்ஸும் மாறியது. அவர்கள் வழி வேறு: ரோட்டர் திசை மாறும்போது பற்சக்கரங்கள் இடம் மாறிப் பிடிக்கும், அல்லது ஒரு சக்கரத்துக்குள் இருக்கும் சின்னப் பூட்டுகள் திசைக்கேற்ப மாட்டிக்கொள்ளும். எல்லாமே நல்ல வேலை செய்பவை, செய்வதற்கும் மலிவு. ஆனால் திசை மாறும் ஒவ்வொரு முறையும் பிடி கிடைக்கும் வரை ரோட்டர் கொஞ்சம் வெறுமனே சுற்றும். பெல்லட்டன் முறையில் அந்த வெற்றுச் சுற்று மிகக் குறைவு.

இதன் தூரத்து உறவுக்காரர் ஒருவர் பலர் கையில் இருக்கிறார். சீகோ 1959இல் மேஜிக் லீவர் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது: ரோட்டரால் நகரும் ஒரே துண்டு நெம்புகோல், அதன் இரண்டு கால்களும் ஒரு சக்கரத்தை மாறி மாறி இழுத்தும் தள்ளியும் நகர்த்தும். யோசனை ஏறக்குறைய ஒன்று, பாகங்கள் மிகக் குறைவு, விலை பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. பல சீகோ 5 வாட்ச்களுக்குள் இருப்பது அதுதான். நேர்மையாகச் சொன்னால், சீகோவின் தீர்வு பொறியியலாகப் பார்த்தால் இன்னும் சாமர்த்தியமானது. பெல்லட்டனுடையது அழகானது.

ஸ்பிரிங் நிரம்பிய பிறகும் ரோட்டர் சுற்றிக்கொண்டே இருந்தால் அறுந்துவிடாதா?

அறுந்துவிடாது. சாவி கொடுக்கிற வாட்ச்சில் மெயின் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டப்பாவின் சுவரில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்கில் மாட்டியிருக்காது, சுவரோடு அழுத்தமாக உரசி நிற்கும், அவ்வளவே. இறுக்கம் ஒரு அளவைத் தாண்டினால் வழுக்கிவிடும். 1863இல் பத்தேக் பிலிப்பின் ஏட்ரியன் பிலிப் காப்புரிமை வாங்கிய யோசனை இது. ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வருவதற்கு அறுபது ஆண்டுக்கு முன். சாவி கொடுக்கும்போது கடைசியில் முட்டி நிற்காமல் திருகிக்கொண்டே போகிறதே என்று பயப்பட வேண்டாம், காரணம் அதுதான்.

852, 8531, 8541 என்று எண்கள் குழப்புகின்றனவே?

எளிது. முதலில் 85, அதன்பின் 852, 1950களின் கடைசியில் 853, 1960களின் நடுவில் 854. ஒவ்வொன்றும் முந்தையதன் திருத்தம். பின்னால் 1 சேர்ந்தால் தேதி காட்டும் வகை: 8521, 8531, 8541. அவ்வளவுதான் ரகசியம்.

8521, 8531 இரண்டிலும் தேதியை மட்டும் தனியாக வேகமாக மாற்ற வசதி கிடையாது. முள்ளைச் சுற்றித்தான் நகர்த்த வேண்டும். பிப்ரவரி முடிந்த மறுநாள் பொறுமை வேண்டும்.

நேரம் சரியாகக் காட்டுமா?

853, 854 வகைகள் மணிக்கு 19,800 முறை துடிப்பவை. அதாவது விநாடிக்கு ஐந்தரை. ஒரு நாளில் 4,75,200. அந்தத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர்ஸ்பிரிங் பிரெகே முறையில், வெளிச்சுற்று மேலே தூக்கி வளைக்கப்பட்டது. இதனால் ஸ்பிரிங் நாலாபுறமும் சமமாக விரிந்து சுருங்கும். வாட்ச் படுத்திருந்தாலும் நின்றிருந்தாலும் வேகம் அதிகம் மாறாது. அந்த வளைவைக் கையால் போட வேண்டும், கொடுக்கு போன்ற இடுக்கியால், தலைமுடி கனமுள்ள உலோகத்தில். செலவு பிடிக்கும் வேலை என்பதால் பல கம்பெனிகள் விட்டுவிட்ட ஒன்று.

நல்ல சர்வீஸில் உள்ள 853 நாளைக்குச் சில விநாடிகளுக்குள் நிற்கும். நூறு ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் அதைவிடத் துல்லியம் என்பது உண்மை. அதற்காக இதை வாங்க வேண்டாம்.

21 ஜுவல்ஸ் என்று எழுதியிருக்கிறது. கல்லுக்கு விலை உண்டா?

கிடையாது. செயற்கை மாணிக்கம். ஃபிரெஞ்சுக்காரர் வெர்னுய் 1902இல் வெளியிட்ட முறையில் சூளையில் வளர்ப்பது, மலிவு. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்கான தாங்கிகள் மட்டுமே. எண்ணிக்கை கூடினால் வாட்ச் உயர்ந்தது என்பது விளம்பரக்காரர்கள் பழக்கிவிட்ட நம்பிக்கை.

இன்ஜெனியூர் என்ற மாடலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு கிராக்கி?

1955இல் வந்தது. பெயருக்கு ஏற்ப என்ஜினீயர்களுக்கானது. மின் நிலையம், ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களின் வாட்ச்களைக் காந்தம் கெடுத்தது. ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாட்ச் ஒரு நாளில் பல நிமிடம் முந்தி ஓடிவிடும். விமானப்படையின் மார்க் 11இல் காந்தத்தைத் தடுக்கக் கற்றதை இங்கே சாதாரண மனிதருக்குக் கொண்டுவந்தார்கள்: மெஷினைச் சுற்றி மெல்லிரும்பில் ஒரு உள் கூடு. மேலே டயல், சுற்றி வளையம், பின்னால் ஒரு மூடி, மூன்றும் சேர்ந்து. காந்தப்புலம் மெஷினுக்குள் போகாமல் இரும்பு வழியாகவே ஓடிவிடும். 80,000 ஆம்பியர்/மீட்டர் வரை தாங்கும் என்றார்கள். மாடலுக்கு கம்பெனி வைத்த ரெஃபரன்ஸ் எண் 666. தேதி இல்லாதது 666ஏ, தேதியுள்ளது 666ஏடி. உள்ளே 852, பின்பு 853 குடும்பம். ரோலெக்ஸின் மில்காஸ், ஒமேகாவின் ரயில்மாஸ்டர் எல்லாம் இதற்குச் சற்றுப் பின்னால் வந்தவை.

1967இல் 866 வந்தது. 1976இல் ஜெரால்ட் ஜென்டா வரைந்த இன்ஜெனியூர் எஸ்.எல்., 40 மி.மீ., முன்வளையத்தில் ஐந்து குழிகள் உள்ளது. அதற்குள்ளும் பெல்லட்டன் மெஷின்தான், 8541 இ.எஸ். அந்தக் காலத்தில் விற்கவே இல்லை. ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் செய்தார்கள். இப்போது அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

என் கருத்து: 666 அருமையான வாட்ச், ஆனால் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் இரும்புக்கும் பெயருக்கும். மெஷின் அதே மெஷின்.

எங்கே தேயும்?

கொக்கிகளின் நுனி, அவை பிடிக்கும் சக்கரத்தின் பற்கள், இதயத் தகட்டின் விளிம்பு. எண்ணெய் வற்றிய நிலையில் பத்து ஆண்டு ஓடிய மெஷினில் இந்த மூன்றும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அறிகுறி: வாட்ச் கையிலேயே இருந்தும் விடிகாலையில் நின்றுபோவது. சாவி கொடுத்தால் நாற்பது மணி நேரம் ஓடுகிறது, கட்டினால் மட்டும் நிற்கிறது என்றால் குற்றவாளி இறுக்கும் பகுதிதான். மற்ற மெஷின் நலம். கம்பெனியே இதை ஒப்புக்கொண்ட மாதிரி, பிற்காலத்தில் இந்த முறையை மீண்டும் எடுத்தபோது தேயும் பாகங்களைச் செராமிக்கில் செய்தது.

ரோட்டர் அச்சு தேய்ந்தால் ரோட்டர் தாழ்ந்து பின்மூடியில் உரசும். மூடியின் உட்புறம் வில் போன்ற கீறல் இருந்தால் அது தெரிந்துவிடும்.

ஆகவே நான்கைந்து ஆண்டுக்கு ஒரு சர்வீஸ். எல்லாக் கடையிலும் கொடுக்கக்கூடாது. பிரித்துக் கழுவி எண்ணெய் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. கொக்கி ஸ்பிரிங்கின் அழுத்தம் தெரிந்தவராக இருக்க வேண்டும். பிரிக்கக் கொடுப்பதற்கு முன், "பெல்லட்டன் பார்த்திருக்கீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். "எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால் வாட்ச்சை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் டயல். பழைய வாட்ச் விலையில் பெரும்பங்கு டயலுக்குத்தான். நம் ஊர்ப் பக்கம் பழைய டயலைச் சுரண்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்து, அச்சடித்து விற்பது பெரிய தொழில். ஹெச்.எம்.டி., ஃபேவர்-லூபா வாட்ச்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். எழுத்தை லூப் வைத்துப் பாருங்கள். அசல் அச்சில் எழுத்தின் ஓரம் கத்தி போல் இருக்கும். மறு அச்சில் மை பரவியிருக்கும், நிமிடக் கோடுகள் குறியீட்டோடு நேராக நிற்காது. அறுபது ஆண்டு ஆன டயல் நேற்று வந்த மாதிரி மின்னினால் சந்தேகம் கொள்ளுங்கள். லேசாகப் பழுத்த டயல் குறையல்ல.

இரண்டாவது எண்கள். மெஷினில் ஒரு எண், கேஸில் (வெளிக்கூட்டில்) வேறொரு எண் இருக்கும்; இரண்டும் ஒன்றாக இருக்காது, அது தவறல்ல. எந்த மெஷின் எந்தக் கேஸில் போனது என்ற பதிவேட்டை ஐ.டபிள்யூ.சி. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வைத்திருக்கிறது. கட்டணம் கட்டினால் பார்த்துச் சொல்வார்கள். விலை பெரிதாக இருந்தால் இது வீண் செலவல்ல.

மூன்றாவது சாவி, அதாவது கிரவுன். தண்ணீர் புகாத மாடல்களில் கிரவுனில் ஒரு மீன் சின்னம் பொறித்திருக்கும். மீன் இல்லை என்றால் மாற்றியிருக்கிறார்கள். வாட்ச்சை ஒதுக்கக் காரணமில்லை, விலையைக் குறைக்கக் காரணம்.

இன்ஜெனியூர் என்றால் கட்டாயம் உள் கூட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முன்பு சர்வீஸ் செய்த யாரோ, 'இது எதற்கு இடைஞ்சல்' என்று இரும்பு மூடியை எடுத்துப்போட்டிருப்பதுண்டு.

கடைசியாகக் கேஸ். பாலிஷ் போட்டுப் போட்டு விளிம்பெல்லாம் சோப்புக்கட்டி போல் மழுங்கியிருந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல் இருக்கட்டும்; விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும்.

தினமும் கட்டலாமா?

தாராளமாக. கட்டத்தான் செய்தார்கள். ஆனால் தண்ணீர் வேண்டாம். 1967இல் வந்த அக்வாடைமர் முக்குளிப்பவர்களுக்கானது, அதற்குள்ளும் 8541தான். இருந்தாலும் இன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு குளிக்கக்கூட மாட்டேன். ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கும். சென்னை, கொழும்பு போன்ற ஊர்களில் தண்ணீரை விட வியர்வை மோசம்: கேஸுக்கும் பின்மூடிக்கும் நடுவே உப்பு தங்கி, ஸ்டீலையே குழி குழியாக அரித்துவிடும். கழற்றும்போது மென்துணியால் பின்பக்கம் துடைத்து வைத்தால் போதும். சித்திரை வைகாசியில் தோல் பட்டைக்குப் பதில் நைலான் பட்டை போடலாம்.

கைபேசி, ஸ்பீக்கர், பர்ஸின் காந்தப் பூட்டு இவற்றின் மேல் வைக்காதீர்கள். திடீரென்று வாட்ச் வேகமாக ஓடினால் பெரும்பாலும் காந்தம்தான்; கடையில் அதை எடுக்க ஒரு நிமிடம் போதும்.

இருட்டில் ஒளிரும் புள்ளிகள் ஆபத்தா?

டயல் முகப்பின் கீழ் ஓரத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் ட்ரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் வீரியம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிவிடும். இப்போது ஏறக்குறைய செத்துவிட்டது. 1950களின் டயலில் அந்த எழுத்து இல்லாமல் ஒளிப்பூச்சு இருந்தால் ரேடியமாக இருக்கலாம். அது பாதியாக 1,600 ஆண்டு ஆகும். ஒளிர்வதை நிறுத்தியிருந்தாலும் கதிர்வீச்சு நிற்காது. மூடிய வாட்ச்சைக் கட்டுவதில் பெரிய பயமில்லை. ஆனால் வீட்டில் திறந்து, அந்தப் பூச்சைச் சுரண்டி, தூளை மூச்சில் இழுக்கும் வேலையை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கட்டாதபோது வாட்ச்சைச் சுற்றிக்கொண்டே வைத்திருக்கும் வாட்ச் வைண்டர் பெட்டி வாங்கணுமா?

வேண்டாம். கட்டாதபோது நின்றிருக்கட்டும். ஓடாத மெஷின் தேயாது.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் நிறுத்தினார்கள்?

குவார்ட்ஸ். அதிலும் ஒரு விந்தை: முதல் ஸ்விஸ் குவார்ட்ஸ் கைக்கடிகார மெஷினான பீட்டா 21ஐ உருவாக்கிய கூட்டில் ஐ.டபிள்யூ.சி.யும் ஒரு கூட்டாளி. 1970களில் தங்கம் விலை ஏறியது, ஃபிராங்க் மதிப்பு ஏறியது, ஜப்பான் வாட்ச்கள் குவிந்தன. இதய வடிவத் தகடு, கையால் வளைத்த ஹேர்ஸ்பிரிங் என்று செலவு செய்ய யாருக்கும் தெம்பில்லை. 1978இல் கம்பெனி ஜெர்மனியின் வாகன மீட்டர் கம்பெனியான வி.டி.ஓ. கைக்குப் போனது. பல ஆண்டுகள் வெளியில் வாங்கிய மெஷின்களைத் திருத்திப் போட்டுக்கொண்டார்கள்.

பெல்லட்டனின் மாணவர் ஒருவர் அங்கேயே தங்கினார். 1957இல் சேர்ந்த குர்ட் கிளாஸ். 1985இல் அவர் செய்த, மாத நாள் கணக்கையும் லீப் ஆண்டையும் தானே பார்த்துக்கொள்ளும் நிரந்தர நாட்காட்டி வாட்ச்தான் கம்பெனியை மறுபடி பேச வைத்தது. அதில் எல்லாவற்றையும் ஒரே கிரவுனால் மாற்றிவிடலாம். கீழே இருந்த மெஷின், வெளியில் வாங்கிய வால்ஜு 7750. குருவின் முறை அதில் இல்லை. 2000இல் கேலிபர் 5000 வந்தபோது பெல்லட்டன் முறை திரும்பியது, ஏழு நாள் ஓடும் பெரிய மெஷினில். அந்த ஆண்டுதான் ரிச்மான்ட் என்ற சொகுசுப் பொருள் குழுமம் கம்பெனியை வாங்கியது. இன்றைய 52000, 82000 வரிசைகளிலும் அதே இதயத் தகடு, அதே இரண்டு கொக்கி.

பழைய மெஷினுக்கு உதிரி கிடைக்குமா?

1868 முதல் செய்த எந்த வாட்ச்சையும் சரிசெய்து தருவோம் என்பது ஐ.டபிள்யூ.சி.யின் வாக்கு. செய்கிறார்கள், பில்லைப் பார்க்கும்போது உட்கார்ந்துகொண்டு பாருங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: பழைய டயலையும் முள்ளையும் மாற்ற வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள்.

முதல் முறை வாங்குபவருக்கு எது?

ஸ்டீல் கேஸ், 34 முதல் 36 மி.மீ., தேதி இல்லாத 853 அல்லது 854. பெயர் எதுவும் இல்லாத சாதாரண மாடலாகப் பாருங்கள். அதற்கு ஆசைப்படுபவர் குறைவு, விலை அடக்கம், தேதி பாகங்கள் இல்லாததால் சர்வீஸ் எளிது. தங்கக் கேஸ் இப்போது சில நேரம் உருக்கினால் வரும் தங்கத்தின் விலைக்குச் சற்று மேலேயே கிடைக்கும். ஆனால் மென்மையானது, நம் பேருந்துக் கூட்டத்துக்குத் தாங்காது. வாங்கிய உடனே, எப்போது சர்வீஸ் செய்தது என்று விற்றவர் சொன்னதை நம்பாமல், ஒருமுறை பிரித்துக் கழுவக் கொடுங்கள். அந்தச் செலவை வாங்கும் விலையோடு சேர்த்தே பேரம் பேசுங்கள். கடைக்காரர் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று, ரோட்டரைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்.